செவந்தி மைக்செட்டும் படிக்கத் தெரியாத லைப்ரரியும்

அரிமளத்தில் செவந்தியை யாரும் மைக்செட்காரம்மா என்று சொல்வதில்லை. மைக்செட் என்றே சொல்வார்கள். "மைக்செட்டு வந்துருச்சா?" என்று ஒருவர் கேட்டால் அவர் ஆம்ப்ளிஃபயரைக் கேட்கிறாரா, செவந்தியைக் கேட்கிறாரா என்பது கேட்டவருக்கே தெரியாது. இரண்டும் ஒன்றாகத்தான் வந்து இறங்கும். சத்தமும் ஏறக்குறைய ஒன்றுதான்.

அவள் இந்தத் தொழிலுக்கு வந்ததே ஒரு கோபத்தில்தான். கணவன் ஆனந்தராஜ் சவூதியிலிருந்து முதல் தடவை ஊருக்கு வந்தபோது, மற்ற வீட்டு ஆம்பிளைகள் எல்லாம் பெண்டாட்டிக்குச் சங்கிலி கொண்டுவந்தார்கள். இந்த மனிதன் ஒரு ஆம்ப்ளிஃபயரும் இரண்டு ஸ்பீக்கர் பாக்ஸும் கொண்டுவந்தான். செவந்தி மூன்று நாள் அவனோடு பேசவில்லை. நாலாம் நாள் பக்கத்து வீட்டில் காதுகுத்து. ஏற்பாடு செய்திருந்த மைக்செட் வந்துசேரவில்லை. பிள்ளை மொட்டைத் தலையோடு தாய்மாமன் மடியில் உட்கார்ந்துவிட்டது, வீடு சாவு வீடு மாதிரி அமைதியாக இருக்கிறது. செவந்தி பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாள். பிறகு அந்தப் பாக்ஸ் இரண்டையும் தானே தூக்கிக்கொண்டு போய் ஒயரை மாட்டினாள். எந்த ஒயர் எங்கே போகிறது என்று யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. மாட்டிப் பார்த்தாள், பாடியது. ஆனந்தராஜ் மறுபடி சவூதி போய் நாலு வருஷம் கழித்துத் திரும்பியபோது வீட்டில் எட்டு பாக்ஸும், ஒரு ஜெனரேட்டரும், ஒரு குட்டி வேனும் நின்றன. அவனும் கௌரவம் பார்க்காமல் பெண்டாட்டியிடம் லோடு ஏற்றும் வேலைக்குச் சேர்ந்துகொண்டான். இன்றுவரை நல்ல வேலைக்காரன் என்றுதான் பெயர்.

செவந்திக்கு ஒரு பெருமை உண்டு. இத்தனை வருஷத்தில் இடம் மாறி ஒரு பாட்டுப் போட்டதில்லை. பக்கத்து ஊர் மைக்செட் ஒன்று ஜவுளிக்கடைத் திறப்புவிழாவில் ரிப்பன் வெட்டும் நேரத்தில் ஒப்பாரியைப் போட்டுவிட்டு, வேனைக்கூட எடுக்காமல் ஓடிப்போன கதையை அவள் மாதம் ஒரு தடவையாவது சொல்லிச் சிரிப்பாள். அவளிடம் அந்தப் பேச்சே கிடையாது. சாவுப் பாட்டுக்குத் தனி பென்டிரைவ், கறுப்பு நிறம், தனிப் பை, அந்தப் பைக்குத் தனி ஆணி. மற்றதெல்லாம் லேப்டாப்பில் ஃபோல்டர் ஃபோல்டராக இருக்கும்: மாப்பிள்ளை அழைப்பு, மாமன் சீர், சடங்கு, பந்தி நேரம், பந்தி முடிந்தும் எழுந்திருக்காதவர்களைக் கிளப்புகிற நேரம்.

இன்னொரு பழக்கமும் உண்டு. எதைத் தொடங்கினாலும் பிள்ளையார் சுழி போட்டுத்தான் தொடங்குவாள். பாட்டுப் பெயர் எழுதிய நோட்டில் பக்கத்துக்குப் பக்கம் 'உ'. கேசட் அட்டையில் 'உ'. சி.டி. வந்த காலத்தில் அதன்மேல் மார்க்கர் பேனாவால் 'உ'. முதல் கம்ப்யூட்டர் வீட்டுக்கு வந்த அன்று செவந்தி கேட்ட முதல் கேள்வி, "இதுல பிள்ளையார் சுழி எங்கிட்டுப் போடுறது?" என்பதுதான். அப்போது ஒன்பதாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த மகள் ஹரிணி ஒரு வழி கண்டுபிடித்துக் கொடுத்தாள். உள்ளே ஒன்றுமில்லாத ஒரு காலி ஃபைலை உண்டாக்கு, அதற்கு '0உ' என்று பேர் வை, சைபர் இருப்பதால் வரிசையில் முதலில் நிற்கும், பின்னால் பாட்டுக்குப் போடுகிற மாதிரி எம்பித்ரீ என்று போட்டுவிட்டால் பாட்டுகளோடு பாட்டாகக் கண்ணுக்குத் தெரியும். அவ்வளவுதான். அன்றிலிருந்து செவந்தி எந்த ஃபோல்டர் திறந்தாலும் முதல் வேலை அந்தக் காலிப் பாட்டுதான். பழைய பிளேயர் அதைப் பாட முயன்று, ஒன்றும் கிடைக்காமல், அடுத்த பாட்டுக்குப் போய்விடும். சொல்லிக்கொடுத்த ஹரிணி அதை அடுத்த வாரமே மறந்துபோனாள். செவந்தி ஒருநாளும் மறக்கவில்லை.

போன ஆனி மாதம் ஒரு கல்யாணத்தில், மாப்பிள்ளையின் சித்தப்பா ஒருவர் மேடைக்குப் பின்னால் வந்து நின்றுகொண்டு, பெண்ணின் பெயர் வருகிற பாட்டாக நாலு வேண்டும் என்றார். ஃபோல்டர் ஃபோல்டராகத் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் பெண் மாமியார் வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள். அன்றே செவந்தி முடிவு செய்தாள். பாட்டையெல்லாம் ஒரே இடத்தில் சேர்த்து, ஒரு வார்த்தை தட்டினால் எடுத்துக்கொடுக்கிற சாஃப்ட்வேர் ஒன்று இருக்கிறதாமே, அதைப் போட்டுவிட வேண்டும். புது லேப்டாப் வந்தது. அந்தச் சாஃப்ட்வேரும் ஏறியது. அதற்கு வாயில் நுழையாத ஒரு பேர் இருந்தது. செவந்தி அதை லைப்ரரி என்று கூப்பிட்டாள்.

பாட்டுகளை லைப்ரரிக்குள் ஏற்ற 'இம்போர்ட்' என்று ஒரு பட்டனை அமுக்க வேண்டும். செவந்தி கிழக்கே பார்த்து உட்கார்ந்து அமுக்கினாள். ஒரு பச்சைக் கோடு எட்டிப் பார்த்தது. உடனே சிவப்பாக ஒரு பெட்டி வந்தது. ஏறிய பாட்டுகள்: சைபர்.

"என்னடி சொல்லுது அது?"

ஹரிணி படித்துப் பார்த்தாள். "ஒரு ஃபைலைப் படிக்க முடியலயாம்மா. அதோட நிப்பாட்டிருச்சாம்."

"படிக்கத் தெரியாததுக்கு எதுக்கு லைப்ரரினு பேரு? எந்த ஃபைலாம்?"

"பேரு சரியாத் தெரியல. ஒரு சைபரு, பக்கத்துல ஒரு பாக்ஸு. அவ்வளவுதான் காட்டுது."

வாசிக்கிற உங்களுக்கு இந்நேரம் விளங்கியிருக்கும். அந்தச் சாஃப்ட்வேருக்குத் தமிழ் எழுத்து காட்டத் தெரியாது. தெரியாத எழுத்துக்குப் பதிலாக ஒரு கட்டம் போட்டுவிடும். காலியாகக் கிடக்கிற '0உ'-வைப் பார்த்துவிட்டு, இதென்ன பாட்டு, உள்ளே ஒன்றுமே இல்லையே என்று முதல் படியிலேயே மிரண்டு நின்றது. ஆனால் செவந்தியிடம் போய்ப் பாக்ஸ் என்று சொன்னால் அவளுக்கு வேறு என்ன தோன்றும்? மைக்செட்காரருக்குப் பாக்ஸ் என்றால் ஸ்பீக்கர்தான்.

"ஏங்க, எட்டுப் பாக்ஸுல ஒண்ணு சைபராப் போச்சாம். எதுன்னு பாருங்க."

"லேப்டாப்புல ஒயரே மாட்டலயே புள்ள. அதுக்கு எப்படித் தெரியும்?"

"அது கம்ப்யூட்டருங்க. அதுக்குத் தெரியாம ஒங்களுக்குத் தெரியுமா?"

ஆனந்தராஜ் இரண்டு நாள் உட்கார்ந்து எட்டுப் பாக்ஸையும் பிரித்தான். ஒன்றில் பல்லி முட்டை இருந்தது. இன்னொன்றில் மூன்று வருஷத்துக்கு முன்னால் தொலைந்துபோன அவனுடைய மூக்குக்கண்ணாடி இருந்தது. எல்லாவற்றையும் துடைத்து, ஒட்டவைத்து மறுபடி மூடினான். செவந்தி இம்போர்ட்டை அமுக்கினாள். அதே சைபர், அதே பாக்ஸ்.

அடுத்ததாகச் சந்தேகம் கறுப்பு பென்டிரைவ் மேல் விழுந்தது. யாரோ தெரியாமல் அதை இந்த லேப்டாப்பில் செருகியிருக்க வேண்டும், அந்தத் தீட்டுதான் என்று செவந்தி முடிவுகட்டினாள். யாரோ என்று அவள் சொன்னபோது ஆனந்தராஜைப் பார்த்தே சொன்னாள். அவன் பயந்துபோய், பெண்டாட்டி குளிக்கப் போன நேரத்தில் ஒரு சொம்பு மஞ்சள் தண்ணீர் கொண்டுவந்து லேப்டாப்பின்மேல் தெளித்தான். வீட்டு வாசலுக்குத் தெளிக்கிற அளவுக்குத் தெளித்துவிட்டான். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதை என்பார்கள். இங்கே பிள்ளையாரும் ஏற்கெனவே உள்ளேதான் இருந்தார்.

லேப்டாப் அணைந்தது. அடுத்த நாள் அதைப் பையில் வைத்துக்கொண்டு ஹரிணி புதுக்கோட்டைக்குப் பஸ் ஏறினாள். அவள் அங்கே ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் வேலை பார்த்தாள். லேபுக்கு இரண்டு கடை தள்ளி ஒரு கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை. கடைக்காரன் பெயர் சரவணக்குமார். ஒல்லியாக, சட்டைப் பையில் எப்போதும் ஒரு குட்டி ஸ்குரூ டிரைவரோடு இருப்பான். அவன் மஞ்சள் தண்ணீரை வடித்துக் காயவைத்து, பாட்டுகளையும் ஏற்றி, நாலாம் நாள் திருப்பிக் கொடுத்தான். செவந்தி போன் போட்டுக் கேட்டாள்.

"தம்பி, என்ன கோளாறு?"

"பெருசா ஒண்ணுமில்லம்மா. ரீஸ்டார்ட் பண்ணேன், சரியாயிருச்சு."

ஆவணியில் புதிதாகப் பாட்டுகள் சேர்ந்தன. செவந்தி புது ஃபோல்டர் திறந்து, முதலில் பிள்ளையார் சுழி போட்டு, பிறகு பாட்டுகளை வைத்து, இம்போர்ட்டை அமுக்கினாள். சைபர், பாக்ஸ். ஹரிணி லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு போனாள். ரீஸ்டார்ட் பண்ணினான், சரியாகிவிட்டது என்று கொண்டுவந்தாள். ஐப்பசியில் மறுபடி. கார்த்திகையில் இரண்டு தடவை. தை மாதம் முகூர்த்த நாட்கள் வந்து குவிந்தபோது, ஹரிணி லேபுக்குச் சாப்பாட்டை மறந்துவிட்டுப் போனாலும் லேப்டாப்பை மறக்காமல் எடுத்துக்கொண்டு போனாள். அப்போதாவது பெற்றவளுக்குச் சுதாரித்திருக்க வேண்டும். ஊர்க் கல்யாணங்களுக்கெல்லாம் பாட்டுப் போடுகிறவளுக்கு வீட்டில் நடந்தது காதில் விழவில்லை.

மாசி மாதம் ஹரிணி நேராகவே சொல்லிவிட்டாள். "அம்மா, நான் சரவணக்குமாரைத்தான் கட்டிக்குவேன். ஆனா ஒன் வாயால சரினு சொன்னாத்தான் கட்டிக்குவேன்."

செவந்திக்கு மறுத்துச் சொல்ல வசதியாக ஒன்றும் அகப்படவில்லை. பையனின் அப்பா சோலையப்பன் ரிட்டயரான பஸ் கண்டக்டர், அம்மா சந்தனம் நல்ல மாதிரி, கடை சொந்தக் கடை, முறையும் ஒத்துவந்தது. ஆனால் மனசு ஒப்பவில்லை. ஆனந்தராஜிடம்தான் கொட்டினாள்.

"எட்டுத் தடவை ரிப்பேரு பாத்துட்டான், என்ன ரிப்பேருன்னு ஒரு தடவை சொல்லல. எதுக்கெடுத்தாலும் அணைச்சுட்டுப் போடுங்கறான். நாளைக்குக் குடும்பத்துல ஒண்ணுன்னாலும் அணைச்சுட்டுப் போடும்பானா? தொழில் தெரியாதவன் கையில பொண்ணைக் குடுக்குறதுக்கு, நம்ம ஸ்பீக்கர் பாக்ஸைக் கட்டிவைக்கலாம். அதுவாச்சும் சொன்னாப் பாடும்."

அவள் கோபத்துக்குள் ஒரு நியாயம் இருந்தது. ஒயரைப் பிடித்துக்கொண்டு போனால் பழுது இருக்கிற இடம் தெரியும், அதைத் தேடாமல் விடுகிறவனைச் செவந்திக்கு ஆகாது. அவள் பிழைத்ததே அப்படித் தேடித்தான். இதையெல்லாம் மகளிடம் சொல்லாமல், கேட்கும்போதெல்லாம் "பாக்கலாம்" என்று மட்டும் சொன்னாள். மூன்று மாதம் பாக்கலாம். ஹரிணி இளைத்துப்போனாள். லேபில் தன் ரத்தத்தையே எடுத்துச் சோதித்துப் பார்க்கும் அளவுக்கு இளைத்துப்போனாள்.

வைகாசி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாப்பிள்ளை வீட்டார் தாங்களாகவே பூ வைக்க வருகிறோம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். பெண்ணின் தலையில் மாப்பிள்ளையின் தாய் பூவை வைத்துவிட்டால் பேச்சு முடிந்த மாதிரி. பதினொன்றே முக்கால் வரை நல்ல நேரம், பன்னிரண்டுக்கு எமகண்டம் பிறந்துவிடும். பத்தரைக்கெல்லாம் வேன் வந்து நின்றது. சோலையப்பன் இறங்கும்போதே, "பாத்து, பாத்து, படியில நிக்காதீங்க" என்று தன் வீட்டாரை இறக்கிவிட்டார். சந்தனம் தட்டில் மல்லிகையும் கதம்பமும் வைத்துக்கொண்டு வந்து பாயில் உட்கார்ந்தார். சரவணக்குமார் வெள்ளைச் சட்டையில் வந்திருந்தான். அதிலும் ஸ்குரூ டிரைவர் இருந்தது.

விசேஷ வீடு என்பதால் செவந்தி வெளியே நாலு பாக்ஸ் கட்டியிருந்தாள். ஆனால் பாட்டு ஓடவில்லை. காப்பி குடித்து முடித்ததும் சோலையப்பன் தொண்டையைச் செருமினார்.

"அப்ப தங்கச்சி, பூவை வச்சுருவமா?"

செவந்தி லேப்டாப்பைக் கொண்டுவந்து நடு வீட்டில் வைத்தாள்.

"அண்ணே, நான் ஒளிச்சு மறைச்சுப் பேசத் தெரியாதவ. இன்னிக்கிக் காலையில புது ஃபோல்டரு ஒண்ணு போட்டேன். மறுபடி நின்னுபோச்சு. ஒங்க பையன் இங்க, எல்லாரும் பாக்க, என்ன ரிப்பேருன்னு கண்டுபிடிச்சுச் சொல்லட்டும். சொல்லிட்டா பூவை வைங்க. சொல்லலைன்னா சாப்பாடு தயாரா இருக்கு, சாப்பிட்டுட்டுப் போங்க."

சோலையப்பன் மகனைப் பார்த்தார். பஸ் நின்றுபோனால் டிரைவரைப் பார்க்கிற அதே பார்வை. சரவணக்குமார் லேப்டாப் முன்னால் வந்து உட்கார்ந்தான். சிவப்புப் பெட்டி தெரிந்தது. சைபரும் பாக்ஸும். அவன் முகம் வெளுத்தது.

"ஒரு தடவை ரீஸ்டார்ட்..." என்று வாய் தவறி ஆரம்பித்தவன், செவந்தியின் கண்ணைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டான்.

அவன் மாட்டிக்கொண்ட இடம் அப்படி. தெரியாது என்றால் தொழில் தெரியாதவன், பெண் இல்லை. தெரியும் என்றால் இத்தனை நாள் ஏமாற்றியவன், அப்போதும் பெண் இல்லை. சுவர்க் கடிகாரம் பதினொன்று இருபது காட்டியது. ஹரிணி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவன் அவளை ஒரு தடவை பார்த்தான், பிறகு கையைக் கட்டிக்கொண்டு எழுந்து நின்றான்.

"அத்தை, ரிப்பேரே இல்ல. நீங்க போடுற பிள்ளையார் சுழிதான். உள்ள ஒண்ணும் இல்லாத ஃபைலு அது. பாட்டுன்னு பேரு இருக்கு, பாட்டு இல்ல. இந்தச் சாஃப்ட்வேருக்கு அதைத் தாண்டிப் போகத் தெரியல."

செவந்தி அவன் முன்னால் வந்து நின்றாள்.

"இது ஒங்களுக்கு எப்பத் தெரியும்?"

"மொத நாளே தெரியும் அத்தை."

"தெரிஞ்சும் ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா ரெண்டாவது தடவை ஹரிணி கடைக்கு வந்திருக்க மாட்டாங்க."

பாயில் உட்கார்ந்திருந்த ஒருத்தி களுக்கென்று சிரித்து வாயைப் பொத்திக்கொண்டாள். செவந்தி மகள் பக்கம் திரும்பினாள்.

"ஒனக்கு?"

ஹரிணி தரையைப் பார்த்தாள். "மூணாவது தடவையே தெரியும்மா. அந்த உ-வை நான்தானே சொல்லித்தந்தேன். அப்பதான் ஞாபகம் வந்துச்சு."

செவந்தி கணவனைப் பார்த்தாள். ஆனந்தராஜ் அவசரமாக ஜன்னல் பக்கம் பார்த்தான்.

"ஒங்களுக்குமா?"

"அஞ்சாவது தடவை ஹரிணி சொல்லிச்சு. ஒங்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு..."

இந்த இடத்தில் செவந்தி கத்துவாள் என்றுதான் எல்லாரும் எதிர்பார்த்தார்கள். தெருவிலும் எதிர்பார்த்தார்கள், ஏனென்றால் ஜன்னல் பக்கம் நாலைந்து பேர் நின்றார்கள். அவளுக்குக் கோபம் வரவில்லை. வலித்தது. முழுப் பூசணிக்காயை ஒரு வருஷமாகச் சோற்றில் மறைத்திருக்கிறார்கள், அதே சோற்றைத் தானும் சேர்ந்து தின்றிருக்கிறோம். தன் வீட்டில், தன் லேப்டாப்பில் இருந்த பழுது தனக்கு மட்டும் தெரியவில்லை. ஏன் சொல்லவில்லை? தன்னுடைய சத்தத்துக்குப் பயந்து. எட்டுப் பாக்ஸ் போட்டாலும் கேட்காத அளவுக்குத் தான் ஒருத்தியே சத்தம் போட்டுக்கொண்டிருந்திருக்கிறோம் என்று அவளுக்கு அப்போது உறைத்தது. ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

உட்கார்ந்தபடியே சரவணக்குமாரைக் கேட்டாள். "பாட்டை ஏத்தும்போது அந்த உ-வை எல்லாம் அழிச்சிட்டீங்களா?"

"ஐயையோ, இல்ல அத்தை." சரவணக்குமார் முதல் தடவையாகப் பதறினான். "அழிச்சா ஒங்களுக்குத் தெரிஞ்சுபோகும், அது வேற விசயம். ஆனா பிள்ளையார் சுழியை எப்படி அழிக்கிறது? கை வரல. ஒவ்வொரு தடவையும் டெஸ்க்டாப்புல 'பிள்ளையார் கோயில்'னு ஒரு ஃபோல்டரு போட்டு, எல்லா உ-வையும் அதுல எடுத்துவச்சிட்டு, பாட்டு ஏறி முடிஞ்சதும் அதது எடத்துல திருப்பி வச்சிருவேன். நாப்பத்தோரு ஃபோல்டரு. நாப்பத்தோரு உ-வும் அப்படியே இருக்கு, நீங்க எண்ணிப் பாத்துக்கலாம்."

"கோயிலை எங்க வச்சீங்க?"

"ஸ்க்ரீன்ல கீழ, இடது பக்கம்."

செவந்தி மனசுக்குள் ஸ்க்ரீனைத் தரையில் படுக்கவைத்துப் பார்த்தாள். மேலே வடக்கு என்றால் கீழே இடது பக்கம் தென்மேற்கு. கன்னி மூலை. பிள்ளையாரை வைக்க வேண்டிய இடம்தான். அவள் முகத்தில் ஏதோ இளகியதை ஆனந்தராஜ் பார்த்தான், ஆனால் இருபத்தேழு வருஷ அனுபவத்தில் அவசரப்பட்டுச் சந்தோஷப்படவில்லை.

"மணி பதினொண்ணு முப்பத்திமூணு" என்றார் சோலையப்பன், பொதுவாக.

"சரி, இதுக்கு என்ன வழி?" என்று செவந்தி கேட்டாள். "சுழி போடாம நான் பாட்டு ஏத்த மாட்டேன்."

"போட வேண்டாம்னு யாரு சொன்னா அத்தை? காலியா இருக்குறதுதான் அதுக்குப் பிரச்சினை. உள்ள ஒரு ரெண்டு செகண்டு ஏதாச்சும் சத்தம் பதிஞ்சு வச்சிட்டா அதுவும் ஒரு பாட்டுன்னு ஏத்துக்கும்."

என்ன சத்தம் என்பதில் ஒரு சின்ன வழக்கு நடந்தது. ஆனந்தராஜ் பூஜை மணியை அடிக்கலாம் என்றான். சோலையப்பன் விசில் நன்றாக இருக்கும், தன்னிடம் பழைய விசில் இருக்கிறது என்று சட்டைப் பைக்குள் கையை விட்டார். பாயில் இருந்தவர்கள் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். செவந்தி எல்லாருக்கும் கையைக் காட்டினாள்.

"உ-ன்னா உ-தான். அதுக்கு எதுக்கு விசிலு."

மைக்கை எடுத்தாள். சரவணக்குமார் பதிவு பட்டனை அமுக்கித் தலையாட்டினான். செவந்தி கண்ணை மூடிக்கொண்டு, பிள்ளையாரை நினைத்து, சொன்னாள். அவள் சொல்ல நினைத்தது சுத்தமான ஒரு 'உ'. ஆனால் மனசில் கிடந்த பாரமும் சேர்ந்துகொண்டதோ என்னவோ, அது "உம்ம்ம்" என்று நீண்டு, கனிந்து, பெருமூச்சில் முடிந்தது. மைக்கின் ஒயர் வெளியே இருந்த நாலு பாக்ஸோடு மாட்டியிருந்தது யாருக்கும் நினைவில்லை. அரிமளத்தில் பாதிப் பேர் செவந்தி "உம்" என்று சொன்னதைக் கேட்டார்கள்.

"தங்கச்சி சரின்னுட்டாங்க, போலாம் ரைட்" என்றார் சோலையப்பன்.

சந்தனம் காத்திருந்தவர் மாதிரி எழுந்தார். மல்லிகைச் சரத்தை எடுத்துக்கொண்டு ஹரிணியின் தலைக்குப் பக்கத்தில் கையைக் கொண்டுபோய்விட்டார்.

"அண்ணே, அது ஃபைலுக்குச் சொன்னது" என்றாள் செவந்தி.

சந்தனத்தின் கை அப்படியே அந்தரத்தில் நின்றது. பூச்சரம் லேசாக ஆடியது. சரவணக்குமார் அந்தப் பதிவை ஃபோல்டரில் வைத்து இம்போர்ட்டை அமுக்கியிருந்தான். பச்சைக் கோடு எட்டிப் பார்த்து, நிற்காமல், இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை ஓடிப் போய்ச் சேர்ந்தது. அதை யாரும் பார்க்கவில்லை. எல்லாரும் செவந்தியைப் பார்த்தார்கள். செவந்தி மகளைப் பார்த்தாள். ஹரிணி அழவில்லை, கெஞ்சவில்லை, தாயின் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். சின்ன வயசில் மைக் டெஸ்ட் செய்யும்போது அம்மா அடுத்து என்ன சொல்லப்போகிறாள் என்று அப்படித்தான் பார்ப்பாள். செவந்திக்கு இந்தப் பிள்ளையை மூன்று மாதம் காக்கவைத்துவிட்டோமே என்று இருந்தது.

"ஃபைலுக்குத்தான் சொன்னேன்" என்றாள் மறுபடி. "ஆனா பதிஞ்சது பதிஞ்சதுதான். மாப்பிள்ளை நாப்பத்தொண்ணுல ஒண்ணைக்கூட அழிக்கல. நான் மட்டும் எதுக்கு அழிக்கணும்? வைங்க மதினி."

பதினொன்று நாற்பத்தொன்றுக்குப் பூ வைத்தார்கள். நாலு நிமிஷம் மிச்சம் இருந்தது. அந்த நாலு நிமிஷத்திலும் சோலையப்பன் விசில் அடித்தார்.

கல்யாணத்துக்கு ஆவணியில் நாள் குறித்தாயிற்று. பூ வைத்த பெண் மாப்பிள்ளையை அடிக்கடி போய்ப் பார்ப்பது முறையில்லை, ஊர் பேசும், அதனால் கல்யாணம் வரைக்கும் ஹரிணி அந்தக் கடைப் பக்கம் போகக்கூடாது என்று செவந்தியே உத்தரவு போட்டாள். ஹரிணியும் மீறவில்லை. லேபுக்கு வேறு தெரு வழியாகச் சுற்றிப் போய்வந்தாள். லைப்ரரியோ ஒழுங்காக ஓடியது. பதிந்து வைத்த 'உ'-வை எப்படிப் பிரதி எடுத்து ஃபோல்டருக்கு ஒன்றாகப் போடுவது என்று சரவணக்குமார் சொல்லிக்கொடுத்திருந்தான், செவந்தி ஒரே தடவையில் பிடித்துக்கொண்டாள். லேப்டாப்புக்குப் பழுதே வரவில்லை. இரண்டு வாரம் ஆனது. ஹரிணி சாயங்காலம் வந்ததும் சாப்பிடாமல் போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். செவந்தி அதைக் கவனித்தாள். இந்தத் தடவை கவனித்தாள்.

ஹரிணிக்கு லீவு நாளான ஞாயிற்றுக்கிழமை காலையில் செவந்தி கிழக்கே பார்த்து உட்கார்ந்து, 'ஹரிணி கல்யாணம்' என்று ஒரு புது ஃபோல்டர் திறந்தாள். பதிந்த 'உ' பக்கத்திலேயே இருந்தது. அதை அவள் தொடவில்லை. பழைய வழக்கப்படி உள்ளே ஒன்றுமில்லாத ஒரு காலி ஃபைலை உண்டாக்கி, '0உ' என்று பேர் வைத்து, அதற்குக் கீழே பாட்டுகளை அடுக்கி, இம்போர்ட்டை அமுக்கினாள். சிவப்புப் பெட்டி வந்தது. திருப்தியாக அதை ஒரு தடவை பார்த்துவிட்டுப் போனை எடுத்தாள்.

"மாப்பிள்ளை, மறுபடி நின்னுபோச்சு."

"நான் குடுத்த உ-வைப் போட்டீங்களா அத்தை?"

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. ஹரிணி கடைப் பக்கம் வரக்கூடாது, லேப்டாப்பைக் கொண்டாந்து குடுக்க ஆளு இல்ல. நீங்கதான் இங்கிட்டு வரணும். மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்துருங்க."

சரவணக்குமார் புரிந்துகொண்டு மெதுவாகச் சொன்னான்.

"இது சரியாக நாள் ஆகும் போலயே அத்தை."

"ஆகட்டும்" என்றாள் செவந்தி. "ஆவணி வரைக்கும் ஆகட்டும்."